சுழலும் பொருட்படங்கள்: 360 டிகிரி ஸ்பின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் கடையில் ஒரு ஷூவையோ மிக்சியையோ விரலால் தள்ளினால் அது திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டுகிறதே, அந்தப் படங்களைப் பற்றியதுதான் இந்தப் பக்கம். இந்தத் தொழிலில் அதை ஸ்பின் என்கிறார்கள். வரலாறு முன்னால் வருகிறது, கைவேலை பின்னால் வருகிறது. நாளைக்கே படம் எடுக்க வேண்டியவர்கள் நேராகப் பாதிக்குப் போய்விடலாம்.

ஸ்பின் என்பது வீடியோவா, 3டி மாடலா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. சாதாரண போட்டோக்கள்தான். பொருளைச் சுழலும் தட்டில் வைத்து, கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் என்று ஒரு முழுச் சுற்று எடுக்கிறார்கள். 10 டிகிரிக்கு ஒன்று என்றால் 36 படம். நீங்கள் விரலை இழுக்கும்போது, எத்தனையாவது படத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு சின்ன நிரல் கணக்குப் போட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். சாதாரண ஸ்பின் அசையாது. 3டி மாடல் எந்தப் பக்கமும் உருளும், அடிப்பாகத்தைக்கூடக் காட்டும். பல உயரங்களிலிருந்து எடுத்த ஸ்பின்னும் உண்டு. அது மேலும் கீழும் நகரும், ஆனால் படிப்படியாக நகரும்.

இந்த யோசனை யாருடையது?

இணையத்துக்கும் கணினிக்கும் முந்தையது. 1860-களில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி, வட்டமான ஓர் அறையில் ஆளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்கள் வைத்து ஒரே நேரத்தில் படம் பிடித்தார். 15 டிகிரிக்கு ஒரு கேமரா. அந்தப் படங்களின் வெளிக்கோட்டை ஒவ்வொன்றாகத் திரையில் விழச் செய்து, பேன்டோகிராஃப் என்ற வரைகருவியால் கோட்டின்மேல் ஓட்ட, கருவியின் மறுமுனை களிமண்ணைச் செதுக்கியது. சிலை வேண்டும் என்பவர் மணிக்கணக்கில் சிற்பியின் முன்னால் உட்கார வேண்டாம், சில நொடிகள் நின்றால் போதும். போட்டோ சிற்பம் என்று அதற்குப் பெயர்.

24 என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்றைக்கும் பல கடைகள் ஒரு சுற்றுக்கு 24 படம்தான் கேட்கின்றன. வில்லெமுக்குப் பிறகு படம் எடுக்கும் முறையில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை என்பதே என் எண்ணம். மாறியதெல்லாம் அந்தப் படங்கள் பார்ப்பவரிடம் போய்ச் சேரும் வழிதான்.

மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராஃபர் எடுத்த குதிரைப் படங்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1878-ல் கலிஃபோர்னியாவில் அவர் 12 கேமராக்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். அது நேரத்தைத் துண்டு போட்ட வேலை. ஸ்பின் கோணத்தைத் துண்டு போடுகிறது. இரண்டும் பங்காளிகள், அவ்வளவுதான்.

கணினித் திரைக்கு எப்போது வந்தது?

ஆப்பிள் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட குவிக்டைம் விஆர் என்ற மென்பொருள்தான் இதைப் பலரின் கைக்குக் கொண்டுவந்தது. அதில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பனோரமா: நீங்கள் நடுவில் நின்று சுற்றிலும் பார்ப்பது. இன்னொன்று ஆப்ஜெக்ட் மூவி: பொருள் நடுவில் நிற்க, நீங்கள் அதைத் திருப்பிப் பார்ப்பது. இன்றைய ஸ்பின்னின் நேரடிப் பாட்டன் இந்த இரண்டாவது வகை.

ஆப்ஜெக்ட் மூவியில் படங்கள் கட்டம்போட்ட தாள் மாதிரி வரிசையாகவும் பத்தியாகவும் அடுக்கப்பட்டன. பக்கவாட்டில் 10 டிகிரிக்கு ஒன்று, மேலிருந்து கீழே 10 டிகிரிக்கு ஒன்று என்று முழு உருண்டையாக எடுத்தால் 36-ஐ 19-ஆல் பெருக்க வேண்டும்: 684 படம். ஒரே ஒரு பொருளுக்கு! அதனால் ஒரு வரிசையோடு நிறுத்திக்கொள்வது இயல்பாகவே வழக்கமாயிற்று.

சிடியில் போட்டுக் கொடுத்தவரை சிக்கல் இல்லை. இணையத்தில்தான் தொல்லை. அன்று தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் தந்த 28.8 கிலோபிட் மோடத்தில், எல்லாம் சரியாக நடந்தாலும், நொடிக்கு 3.6 கிலோபைட்தான் வரும். 500 கிலோபைட் அளவுள்ள ஒரு சின்ன ஸ்பின் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் வாடிக்கையாளர் காபி குடித்துவிட்டு வந்திருப்பார், அல்லது வராமலே போயிருப்பார்.

கடைகள் இதை எப்போது கையில் எடுத்தன? பூ.காம் கதை என்ன?

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், காய்சா லியாண்டர், பாட்ரிக் ஹெடலின் என்ற மூன்று ஸ்வீடன்காரர்கள் லண்டனைத் தலைமையிடமாக வைத்து, 1999 நவம்பரில் பூ.காம் என்ற ஆடைக் கடையைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் 18 நாடுகளில், பல மொழிகளில், பல நாணயங்களில். பெரிய வங்கிகளும் ஐரோப்பியப் பணக்காரக் குடும்பங்களும் பணம் போட்டிருந்தன. துணியைத் திரையில் திருப்பிப் பார்க்கலாம், கிட்டத்தில் பார்க்கலாம், மிஸ் பூ என்ற பொம்மைப் பெண் கூடவே வந்து யோசனை சொல்லுவாள்.

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும் இதெல்லாம் அன்றைய வீட்டு மோடத்தில் ஊர்ந்தது. பக்கம் திறக்கவே நிமிடங்கள் ஆயின. சுமார் 13.5 கோடி டாலர் கரைந்தபின், 2000 மே மாதம் கடை மூடப்பட்டது. சுழலும் படம்தான் அதைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது அநியாயம். செலவில் கட்டுப்பாடு இல்லை, ஒரே மூச்சில் 18 நாட்டுக்குப் போனார்கள், அந்த ஆண்டு இணைய நிறுவனங்களின் பங்குகளெல்லாம் சரிந்துகொண்டிருந்தன. ஆனாலும் நம் தொழிலுக்கு அதில் ஒரு சங்கதி உண்டு. அவர்கள் காட்ட நினைத்தது சரியான பொருள்தான். வாடிக்கையாளர் வீட்டுக் கம்பி அதற்குத் தயாராக இல்லை. இன்று 4ஜி போனை நம்பி மெகாபைட் கணக்கில் ஸ்பின் போடுகிறவர்களும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் சிக்னல் ஒரே மாதிரி இல்லை.

ஃப்ளாஷ் காலம் ஏன் முடிந்தது?

2000-களில் ஸ்பின் என்றாலே ஃப்ளாஷ். கேமரா ஃப்ளாஷ் இல்லை, உலாவியில் அசையும் படங்களை ஓட்டிய மென்பொருள். பெரும்பாலான உலாவிகளில் அது இருந்தது, கோப்பும் சின்னது. 2007-ல் வந்த ஐபோன் ஃப்ளாஷைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை விளக்கிப் பகிரங்கக் கடிதமே எழுதினார். பிறகு கடைகள் மெல்ல, உலாவியே நேராக ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு மாறின. ஃப்ளாஷுக்கு அதன் உரிமையாளரான அடோபி கொடுத்த ஆதரவு 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. மாற்றிக்கொள்ளாத கடைப் பக்கங்களில் பொருளின் இடத்தில் சாம்பல் நிறப் பெட்டிதான் மிஞ்சியது.

தொடுதிரை வந்தபிறகு ஸ்பின்னுக்கு ஒரு புது உயிர் வந்தது என்றே சொல்லலாம். மவுஸால் இழுப்பது ஒரு வேலை. விரலால் தள்ளுவது கடையில் பொருளை எடுத்துத் திருப்பிப் பார்க்கும் அதே பழக்கம்.

அதற்குப் பதில் ஒரு வீடியோ போட்டால் போதாதா?

சில பொருளுக்குப் போதும். துணி எப்படி விழுகிறது, மிக்சி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை வீடியோதான் சொல்லும். ஆனால் தையல் எப்படி இருக்கிறது, சார்ஜர் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டியவருக்கு வீடியோ எரிச்சல். வீடியோவில் வேகம் எடுத்தவர் கையில். ஸ்பின்னில் வேகம் வாங்குகிறவர் கையில்.

ஒரு சுற்றுக்கு எத்தனை படம்?

24 என்றால் சற்றுத் துள்ளும். 36 பெரும்பாலானவற்றுக்குப் போதும். 72 என்றால் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் கனம் இரட்டிப்பு. படத்துக்கு 100 கிலோபைட் என்று வைத்தாலும் 36 படம் 3.6 எம்பி. அதனால் முதல் படத்தை மட்டும் உடனே காட்டி, மற்றவற்றைத் தொட்டபிறகு இறக்குவதுதான் நல்ல வழக்கம்.

தட்டை நீங்களே செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு நுணுக்கம். மலிவாகக் கிடைக்கும் ஸ்டெப்பர் மோட்டார் அடியெடுத்து வைப்பதுபோல் விட்டுவிட்டுத் திரும்பும், ஓர் அடிக்கு 1.8 டிகிரி நகரும், அதாவது ஒரு சுற்றுக்கு 200 அடி. 200-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி வரும். ஒவ்வொரு முறையும் 5 அடி, 6 அடி என்று தோராயமாகத் திருப்பச் சொன்னால் சுற்று முடியும்போது தட்டு தொடங்கிய இடத்துக்கு வராது. கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குப் போகும்போது பொருள் வெடுக்கென்று குதிக்கும். இரண்டு வழி இருக்கிறது. 40 அல்லது 50 படம் எடுங்கள், 200 மீதியில்லாமல் வகுபடும். அல்லது ஒவ்வொரு நிலையையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டு நகர்த்துங்கள், பிசகு சேராது.

பொருள் சுற்ற வேண்டுமா, கேமரா சுற்ற வேண்டுமா?

தட்டு சுற்றினால் விளக்கும் கேமராவும் நின்ற இடத்தில் நிற்கும். பளபளப்பு பொருளின்மேல் நழுவிப்போகும். பார்ப்பவருக்குப் பொருளைத் தன் கையில் திருப்புவதுபோல் இருக்கும். கேமரா சுற்றினால் நிழல் பொருளோடு ஒட்டி நிற்கும், பார்ப்பவர் அதைச் சுற்றி நடப்பதுபோல் தோன்றும். கையில் எடுக்கக்கூடிய பொருளுக்கு முதலாவது, கார், சோபா போன்றவற்றுக்கு இரண்டாவது என்பது என் கணக்கு. ஆனால் காருக்கும் பெரிய சுழல்மேடை கட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார் நிற்க, கேமராவை வட்டம் பிசகாமல் நகர்த்துவது அதைவிடப் பாடு.

நான் எடுத்த ஸ்பின் ஆடுகிறது, மினுக்குகிறது. என்ன செய்ய?

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் மையம். தட்டின் நடுவில் பென்சில் மாதிரி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, கேமராத் திரையின் நடுக்கோடு அதன்மேல் விழும்படி கேமராவை வையுங்கள். பிறகு பென்சிலை எடுத்துவிட்டுப் பொருளை வைத்து, 90 டிகிரி 90 டிகிரியாகத் திருப்பி, இரண்டு பக்கமும் மிஞ்சும் இடம் பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்ணளவில் வைத்தது கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், சுழலும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மினுக்கலுக்குக் காரணம் கேமராவின் ஆட்டோ அமைப்பு. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) நான்கையும் மேனுவலில் பூட்டுங்கள். கறுப்பு ஷூ பக்கவாட்டில் திரும்பியதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டினால், பின்னணியும் சேர்ந்து கண் சிமிட்டும்.

எல்லாம் பூட்டியும் மினுக்குகிறதா? அப்படியானால் விளக்கைச் சந்தேகியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி அதோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு என்று வைத்தால் ஒவ்வொரு படமும் வேறொரு வெளிச்சத்தைப் பிடிக்கும். நொடியில் 25-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். கேமரா ட்ரைபாடில்தானே நிற்கிறது, கை நடுக்கம் இல்லை. தட்டு மட்டும் முழுதாக நின்றபிறகு கிளிக் செய்ய வேண்டும்.

அப்புறம் லென்ஸ். போன் கேமரா மாதிரி அகன்ற லென்ஸைக் கிட்டத்தில் வைத்தால், ஷூவின் மூக்கு நம் பக்கம் வரும்போது பூதாகாரமாகவும், குதிகால் வரும்போது வேறு ஷூவாகவும் தெரியும். பின்னால் தள்ளி நின்று 70 முதல் 100 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸில் எடுங்கள். லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, ஃபோகஸைத் தட்டின் மையத்தில் நிறுத்துங்கள்.

எவர்சில்வர், கண்ணாடி, நகை?

எவர்சில்வர் சொம்பை வைத்தால் படத்தில் சொம்பு இருக்காது. நீங்கள், உங்கள் சட்டை, ட்ரைபாட், மேலே ஓடும் ஃபேன், எல்லாம் இருக்கும். சுற்றிலும் வெள்ளைத் துணிக் கூடாரம் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டு, வெளியிலிருந்து துணியின் வழியாக விளக்கு அடிக்க வேண்டும். முழுக்க வெள்ளையாக இருந்தால் உலோகம் காகிதம்போல் செத்துப்போகும். ஓரத்தில் மெல்லிய கறுப்பு அட்டைப் பட்டை ஒன்றை நிறுத்துங்கள், வளைவு எழுந்து வரும்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைப்பாடு இல்லாத உருண்டைச் சொம்புக்கு ஸ்பின் எதற்கு? 36 படமும் ஒரே படம்தான். நேரம் வீண். பேர் பொறித்தது, கைப்பிடி வைத்தது என்றால் சரி.

நகைக்கு ஸ்பின் நிஜமாகவே பயன்படும். கல் திரும்பும்போதுதான் மின்னும், நின்ற படத்தில் அது வெறும் கண்ணாடித் துண்டு. அங்கே கூடாரத்தோடு ஒரு சின்ன நேர் விளக்கும் வேண்டும்.

துணிக்கு?

சட்டை, குர்த்தாவுக்குப் பொம்மையில் மாட்டி எடுத்துப் பொம்மையைப் பிறகு அழிக்கலாம். ஆனால் 36 படத்திலும் கழுத்தின் உட்பக்கத்தை ஒட்டுப்போட வேண்டியிருக்கும், கூலி கட்டுப்படியாகாது. சேலைக்கு வேண்டவே வேண்டாம். முந்தானையை விரித்து ஒன்று, பார்டரைக் கிட்டத்தில் ஒன்று, உடுத்தி நடக்கும் வீடியோ ஒன்று. இதுவே ஸ்பின்னைவிட அதிகம் சொல்லும்.

3டியும் ஏஆரும் (போன் கேமராவில் தெரியும் இடத்தில் பொருளை வைத்துக் காட்டுவது) வந்தபிறகும் போட்டோ ஸ்பின் எதற்கு?

தளபாடத்தில் போட்டோ தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தளபாட நிறுவனமான ஐக்கியா 2006-லேயே தன் கேட்டலாகில் பெர்டில் என்ற நாற்காலியை முழுக்கக் கணினியில் உருவாக்கிய படமாக அச்சிட்டது. பிறகு பெரும்பாலான பொருட்படங்களையும் அந்த வழிக்கே மாற்றியது. நாற்காலியைச் செய்ய வரைந்த அளவுகள் எப்படியும் கணினியில் இருக்கின்றன, நிறத்தை மாற்றுவதற்கு ஒவ்வொரு சோபாவையும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிவர வேண்டியதில்லை. 2011-ல் வெப்ஜிஎல் வந்து உலாவியிலேயே 3டி ஓட வழி செய்தது. 2017-ல் ஆப்பிளின் ஏஆர்கிட் வந்ததும் ஐக்கியா பிளேஸ் செயலியில் சோபாவை உங்கள் கூடத்திலேயே வைத்துப் பார்க்க முடிந்தது.

பழைய கேமரா, கைவேலைப் பொம்மை, தோல் செருப்பு, ஒருமுறை புழங்கிய கார் ஆகியவற்றுக்கு வரைபடமே கிடையாது. கீறல் எங்கே இருக்கிறது என்பதுதான் வாங்குகிறவரின் கேள்வி. அதற்கு 3டி மாடல் பதில் சொல்லாது. அந்தப் பொருளையே எடுத்த படம் சொல்லும்.

மூன்று படம் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே முழுச் சுற்றையும் செய்துவிடுமாமே?

செய்கிறது. 2020-ல் வந்த நெர்ஃப் என்ற முறை, பல கோணப் போட்டோக்களிலிருந்து இடைப்பட்ட கோணங்களைக் கணக்கிட்டுக் காட்டியது. 2023-ல் காசியன் ஸ்ப்ளாட்டிங் அதையே இன்னும் வேகமாகச் செய்தது. கூகுள் 2022-ல் தன் ஷாப்பிங் தேடலில் ஷூக்களுக்கு இப்படிப்பட்ட சுழல்படங்களை அறிவித்தது. பின்னர் வியோ என்ற வீடியோ மாடலைக்கொண்டு, மூன்று படம் இருந்தாலே சுற்றிக் காட்டலாம் என்ற நிலைக்கு வந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு கறார் உண்டு. எல்லாப் பக்கமும் படம் எடுத்து, நடுவில் உள்ள இரண்டு மூன்று டிகிரியை இயந்திரம் நிரப்பினால் பரவாயில்லை. இருபுறமும் சாட்சி இருக்கிறது. யாருமே படம் எடுக்காத பின்பக்கத்தை அது வரைந்து காட்டினால், அது இந்தப் பொருளின் பின்பக்கம் இல்லை. இதைப் போன்ற பொருள்களுக்கு வழக்கமாக இருக்கும் பின்பக்கம். புது ஷூவுக்கு அது ஒத்துப்போகலாம். ஆனால் மூன்று துளை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காட்டினால், பொருள் திரும்பி வரும், கூரியர் செலவு உங்கள் தலையில். பழைய பொருள் விற்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது.

தொடத்தான் போகிறேன் என்றால், குறைந்தது நான்கு பக்கமும் மேலும் கீழும் நிஜப் படம் கொடுங்கள். வந்த சுற்றைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோணமாக ஒத்துப்பாருங்கள்.

ஸ்பின் போட்டால் விற்பனை எத்தனை சதவீதம் கூடும்?

இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தட்டோ மென்பொருளோ விற்கிறவர்கள். உங்கள் கடையில் நன்றாகப் போகும் சில பொருளுக்கு மட்டும் போட்டு, மற்றவற்றைச் சும்மா விட்டு, ஒரு சீசன் பாருங்கள். விற்பனையைவிடத் திரும்பி வரும் பொருள்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 'பின்பக்கம் இப்படி இருக்கும் என்று தெரியாது' என்ற புகார் குறைகிறதா என்பதே சரியான அளவுகோல்.

பழைய குவிக்டைம் விஆர், ஃப்ளாஷ் ஸ்பின்களை இன்று திறக்க முடியுமா?

ஃப்ளாஷ் கோப்புகளில் பலவற்றை ரஃபிள் என்ற இலவச மென்பொருள் திறக்கிறது. குவிக்டைம் விஆர் கோப்புக்கு குவிக்டைம் 7 வேண்டும். மேக் கணினிகளுக்கு 2019-ல் வந்த கேடலினா பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அது ஓடாது. விண்டோஸில் ஆப்பிள் 2016-லேயே அதைக் கைவிட்டுவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகளும் உண்டு. இணையத்தோடு இணைக்காத ஒரு பழைய கணினியில்தான் திறக்க வேண்டும்.

அசல் ஜேபெக் படங்கள் யாரிடமாவது இருந்தால் இந்தப் பாடே இல்லை. 01 முதல் 36 வரை வரிசையாகப் பேர் வைத்து ஒரு கோப்புறையில் போட்டால், இன்றைய எந்த ஸ்பின் மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். புதிதாக எடுக்கிறவர்களும் வாடிக்கையாளரிடம் செய்து முடித்த ஸ்பின்னோடு இந்தக் கோப்புறையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதைத் தர மறுக்கும் ஸ்டூடியோவிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.